மீசைக்காரர் நிற்கும் இடம்

நைரோபியில் சுற்றுலா வண்டி ஓட்டுகிறவன் எவன் பேச்சையும் நான் நம்பியதில்லை. அவர்களும் என்னை நம்பியதில்லை. அதில் எனக்கு வருத்தம் கிடையாது.

ஊரை ஒட்டிய வனப் பூங்காவில் சிங்கம் கொஞ்சம், வண்டி அதிகம். சிங்கத்தைக் கண்டவன் வயர்லெஸ்ஸில் மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்பது எங்களுக்குள் முறை. பயணிகளுக்குப் புரியக் கூடாது என்று சிங்கத்தை மீசைக்காரர் என்போம். ஆனால் கண்டவன் இடத்தை மாற்றித்தான் சொல்வான். எல்லா வண்டியும் புழுதி கிளப்பிக்கொண்டு அங்கே ஓடும். இவன் மட்டும் தன் ஆட்களோடு சிங்கத்தின் பக்கத்தில் நிம்மதியாக நிற்பான். நானும் செய்திருக்கிறேன். செய்யாதவன் எவனும் இல்லை. கமாண்டே என்று ஒருவன், இதில் எங்கள் எல்லோரையும் விற்றுவிடுவான்.

என் மனைவி ஸ்யோம்புவா இந்த வேடிக்கை எதையும் பார்த்ததே இல்லை. "ஊர்ல இருக்கற வெள்ளைக்காரனுக்கெல்லாம் சிங்கம் காட்டிட்டே. எனக்குக் காட்டுனது உன் அழுக்குச் சட்டைதான்" என்று குத்துவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சவாரி இல்லாமல் வண்டி சும்மா நின்றது. கூட்டிக்கொண்டு போனேன்.

காலையில் அருங்காட்சியகம். ஆதிகாலத்து மண்டையோட்டைக் கண்ணாடிக்குள் பார்த்துவிட்டு, "யாரு பெத்த புள்ளையோ, பொதைக்காம வெளக்குப் போட்டு வெச்சிருக்கானுங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பக்கத்திலிருந்த பாம்புப் பண்ணைக்குள் காலே வைக்கவில்லை. ஒட்டகச்சிவிங்கி நாக்கை நீட்டித் தீனி வாங்கியபோதுதான் சிரித்தாள். "உன் அக்கா மாதிரியே இருக்குய்யா."

மதியம் பூங்காவுக்குள் நுழைந்தோம். வண்டியை விட்டு இறங்க அனுமதி உள்ள மேடு ஒன்று அங்கே உண்டு. அதன்மேல் ஏறும்போது பின் டயர் பஞ்சரானது. வேறு வண்டி எதுவும் இல்லை. ஜாக்கி வைத்துத் தூக்கிச் சக்கரத்தைக் கழற்றினேன். அவள் சாப்பாட்டுக் கூடையோடு சற்றுத் தள்ளி ஒரு கல்லில் போய் உட்கார்ந்தாள். வயர்லெஸ் கரகரத்தது. கமாண்டேயின் குரல்.

"மேட்டுக்குக் கீழ புல்லுக்குள்ள மீசைக்காரர். மேல ஏறுறாரு. யாரும் எறங்காதீங்க."

"என்னய்யா சொல்றான்?" என்று அவள் கேட்டாள்.

சொன்னேன். முறையையும் சொன்னேன், புளுகையும் சொன்னேன். "நாமதானே மேட்டுல நிக்கிறோம்? இங்க ஒரு ஈ கூட இல்ல. சிங்கம் ஆத்துப் பக்கம் இருக்கும், இவன் அங்க உக்காந்து நம்மள இங்க வெரட்டுறான்."

"நல்ல தொழில் பாக்குறீங்கடா" என்று சொல்லிச் சப்பாத்தியைப் பிய்த்தாள்.

யாரும் இறங்க வேண்டாம் என்று எவனும் இதற்குமுன் சொன்னதில்லை. புளுகுக்கு நகை பூட்டுகிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

போல்ட்டைத் துடைத்து நிமிர்ந்தபோது மான்களைப் பார்த்தேன். எதிர்ச் சரிவில் மேய்ந்துகொண்டிருந்த அத்தனையும் தலையைத் தூக்கி ஒரே பக்கம் பார்த்தபடி நின்றன. ஒன்றுகூட மெல்லவில்லை. அவை பார்த்தது என் மனைவியின் முதுகுக்குப் பின்னால்.

அங்கே காய்ந்த புல். அதற்கும் அப்பால் நகரத்துக் கண்ணாடிக் கட்டிடங்கள். புல்லோடு புல்லாக இரண்டு காதுகள். முதலில் கட்டை என்று நினைத்தேன். கட்டை காதை மடக்காது.

கத்தினால் அவள் எழுந்து ஓடுவாள். ஓடுகிறதைத்தான் அது பிடிக்கும். மெதுவாகச் சொன்னேன்.

"அடியே, அசையாதே. பின்னால மீசைக்காரர்."

அவள் சிரித்தாள். "யாரை வெரட்டப் பாக்குறே? உன் பங்கையும் நானே தின்னுடுவேன்னு பயமா?"

"சத்தியமாடி."

"கமாண்டேகூட இதே சத்தியத்தைத்தான் போட்டிருப்பான்."

சொல்லிவிட்டு எழுந்தாள். மேல்துணியை உதறினாள். சிவப்புத் துணி. உதறியதும் காதுகள் மறைந்தன. புல் மட்டும் இன்னும் கொஞ்சம் கிட்டே வந்து அசைந்தது.

நான் ஓடிப் போய் அவள் முன்னால் நின்றேன் என்று எழுத ஆசைதான். நிற்கவில்லை. கையில் சக்கர ஸ்பேனர் இருந்தது. அதைக்கூட ஓங்கவில்லை. வண்டியோ மூன்று சக்கரத்தில் ஜாக்கிமேல் நின்றது. ஜன்னல் வழியாகக் கையை விட்டு மைக்கை இழுத்தேன்.

"மேட்டுல மீசைக்காரர். என் பொண்டாட்டி வெளிய நிக்கிறா. யாராவது வாங்கடா!"

சிரிப்புச் சத்தம் வந்தது. "முசெம்பி பெரிசு, நீயுமா? ஆத்துப் பக்கம் நல்ல சிங்கம் மாட்டிச்சா?" என்றான் ஒருவன். "பொண்டாட்டி பேரைச் சொல்லியா புளுகுறது? வெக்கமாயில்ல?" என்றான் இன்னொருவன். நான் அழுதேன். நல்லா நடிக்கிறேன் என்றார்கள்.

கமாண்டே மட்டும் பேசவில்லை. புளுகியிருந்தால் முதலில் சிரிக்கிறவன் அவன்தான்.

என் முகத்தைப் பார்த்துத்தான் ஸ்யோம்புவா நடக்காமல் நின்றாள். நான் அழுது அவள் கண்டதில்லை, எங்கள் பிள்ளையைப் புதைத்த அன்றுகூட. கையிலிருந்த சப்பாத்தி கீழே விழுந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது. ஜெபமா, என்னைத் திட்டினாளா, இன்றுவரை கேட்கவில்லை.

பெண் சிங்கம் புல்லை விட்டு வெளியே வந்தது. அவசரமே இல்லை. விலா எலும்பு தெரிந்தது. தோள் மட்டும் ஏறி இறங்க, அவளையே பார்த்து நடந்தது. அவள் கழுத்து நரம்பு துடிப்பதை நான் வண்டியோரம் நின்று பார்த்தேன்.

அப்போதுதான் சரிவில் ஹார்ன் கதறியது. பாதையில்லாத இடத்தில், புதரை நசுக்கிக்கொண்டு கமாண்டேயின் வண்டி மேலே ஏறி வந்தது. உள்ளே வெள்ளைக்காரர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்துகொண்டிருந்தார்கள். சிங்கத்துக்கும் அவளுக்கும் நடுவே வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினான். கதவு திறந்தது. ஒரு கை அவள் துணியைப் பிடித்து உள்ளே இழுத்தது. சிங்கம் அந்த வண்டியின் சக்கரத்தை முகர்ந்து பார்த்தது. பிறகு என்னைப் பார்த்தது. நான் எப்படி ஜன்னல் வழியாக என் வண்டிக்குள் புகுந்தேன் என்று தெரியாது. அது கூடையைக் கவிழ்த்து முகர்ந்துவிட்டு இறங்கிப் போனது.

கமாண்டே கண்ணாடியை விரலளவு இறக்கினான். அவன் உதடும் வெளுத்துத்தான் இருந்தது.

"பெரிசு, நான்தான் சொன்னேனே! தூரத்துலேர்ந்து பைனாகுலர்ல பாத்துட்டுத்தானே சொன்னேன்?"

"நீ சொன்னதாலதாண்டா நம்பல" என்றேன்.

ஸ்யோம்புவா அவன் வண்டியிலேயே வீட்டுக்குப் போனாள். இரவு எனக்குச் சோறு வைத்தாள். படுக்கும்போது, "நீ அழலேன்னா நான் நம்பாம நடந்திருப்பேன்" என்றாள்.

மறுவாரம் சவாரியோடு பூங்காவில் இருந்தேன். வயர்லெஸ்ஸில் கமாண்டே: "தெற்கு வாசல்கிட்ட மீசைக்காரர்."

போனேன். ஒரு நெருப்புக்கோழி நின்றது. வேறொன்றும் இல்லை. அயோக்கியப் பயல்.

எனக்குச் சிறுநீர் முட்டிக்கொண்டிருந்தது. சுற்றிலும் வெறும் தரை, புல்கூட இல்லை. ஆனாலும் கதவைத் திறக்கக் கை வரவில்லை.