ஆள் குடியிருக்கும் இடுக்கு

வடிவம்மாளின் கணவர் பிச்சையா, குளியலறைத் தரையில் டைல்ஸ் இடுக்கில் இருந்தார். அங்கே குடிபோய்ச் சில மழைக்காலம் ஆகிவிட்டது.

முதலில் அவரும் எல்லாரையும் போல நாற்காலியில் உட்காருகிற மனிதராகத்தான் இருந்தார். உட்கார்ந்தபடி, "வடிவு, ஒண்ணு சொல்லணும்" என்பார்.

"பொறவு சொல்லுங்க. உலை கொதிக்கு" என்பாள்.

அவர் கொஞ்சம் மெலிவார். மறுநாளும் கூப்பிடுவார்.

"வடிவு, ஒண்ணு."

"பொறவு. பால்காரர் நிக்காரு."

இன்னும் கொஞ்சம் மெலிவார். இடுப்பில் வேட்டி நிற்காமல் பெல்ட் போட்டுப் பார்த்தார். பெல்ட்டும் நிற்கவில்லை. ஒரு நாள் காலையில் குளிக்கப் போனவர் திரும்பி வரவில்லை. துண்டு கதவுக்கு வெளியே ஆணியில் தொங்கியது. அவர் இரண்டு டைல்ஸுக்கு நடுவில் கோடாகக் கிடந்தார்.

"அங்க என்ன செய்யுதீங்க?"

"எனக்கு அளவா இருக்கு."

வடிவம்மாள் அடுப்படிக்குத் திரும்பிப் போனாள். அடுப்பில் என்னமோ இருந்தது.

இப்படி நாள் ஓடிக்கொண்டிருந்தபோது கீழ்வீட்டு ஜெபராஜ் படியேறி வந்தார். நல்ல வெயில். குடை பிடித்திருந்தார். குடையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"யக்கா, ஒழுகுது."

"எங்க?"

"எங்க வீட்டுக்குள்ள. அண்ணாச்சி பேசப் பேச எனக்கு ஒழுகுது."

"என்ன பேசுதாரு?"

"அது விளங்கலையே. எங்க பக்கம் வரையில தண்ணியாத்தான் வருது."

உள்ளே வந்து உட்கார்ந்த பிறகும் அவர் குடையை மடக்கவில்லை. கைக்குப் பழகிவிட்டது என்றார். பீரோவைத் திறந்தால் கெண்டை மீன் எட்டிப் பார்க்கிறதாம். முதலில் சட்டைகளுக்கு நடுவில் ஒதுங்கிக் கிடந்ததாம். இப்போது தனித் தட்டு கேட்கிறதாம்.

"நான் கொறையா சொல்லலக்கா. கட்டில் மெதக்க ஆரம்பிச்சிட்டு. அதான் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

"அடைச்சிருதேன் தம்பி."

கொத்தனார் செல்லையா வந்தார். குத்தவைத்து உட்கார்ந்து கரண்டிக் காம்பால் டைல்ஸைத் தட்டினார்.

"யாரு?" என்றார் பிச்சையா உள்ளேயிருந்து.

செல்லையா எழுந்துவிட்டார்.

"ஆள் இருக்கிற ஜாயின்ட்ட நாங்க அடைக்கிறதில்லம்மா."

"ஏன்?"

"தொழில்ல ஒரு வரமொற இருக்குல்லா. வீட்டாளுகதான் அடைக்கணும்."

"நான் இந்த வேலையெல்லாம் செஞ்சதே இல்லயே."

"வீட்டுக்காரரு இடுக்குல போயி ஒக்காந்ததும் மொத தடவதான?"

காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

வடிவம்மாள் யோசித்தாள். அடைப்பதென்றால் முதலில் பழைய சிமெண்டைச் சுரண்டி எடுக்க வேண்டும். சுரண்டினால் இடுக்கு திறக்கும். திறந்தால் அவர் பேசுவது தெளிவாகக் கேட்கும். அவர் சொல்ல வந்த அந்த ஒன்றைக் கேட்டுவிட்டு அடைத்துவிடலாம். அடைத்த பிறகு கேட்க முடியாது. அதனால் இந்த வேலையைத் தானே செய்வதுதான் நல்லது என்று அவளுக்குப் பட்டது.

முகைதீன் பாய் கடைக்குப் போனாள்.

"டைல்ஸ் ஜாயின்ட்டுக்குப் பவுடர் வேணும் பாய்."

"வெள்ளையா, சாம்பலா?"

"உள்ள ஆள் இருக்கு."

"அப்ப சாம்பல் எடுத்துக்கோங்க. வெள்ள கண்ணு கூசும்."

பவுடர், ஒரு ரப்பர் பட்டை, ஒரு ஸ்பாஞ்சு மூன்றையும் பையில் போட்டார். பையைக் கையில் கொடுக்காமல் பிடித்துக்கொண்டே சொன்னார்.

"இட்லி மாவு பதத்துக்குக் கலக்குங்க. கலக்கின ஒடனே போட்டுறணும், இது யாருக்கும் காத்திருக்காது. கோட்டுக்குக் குறுக்கா இழுங்க. லேசா இறுகின பொறவு ஸ்பாஞ்ச நல்லா பிழிஞ்சிட்டுத் தொடைங்க. அப்புறம் முக்கியமா ஒண்ணு..."

"பொறவு கேட்டுக்கிடுதேன் பாய். பஸ் வந்துட்டு."

பாய் சொல்ல வந்த மீதி வாக்கியம் கடைப்படியில் இறங்கி அவள் பின்னாலேயே வந்தது. நிறுத்தத்தில் பக்கத்தில் நின்றது. அவள் ஏறியதும் அதுவும் ஏறப் பார்த்தது.

"இது உங்க கூடவாம்மா?" என்றார் கண்டக்டர்.

"தெரியாது" என்றாள் வடிவம்மாள்.

கண்டக்டர் அதை இறக்கிவிட்டு விசில் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தேங்காய் கீறுகிற பழைய கத்தியால் சுரண்டினாள். இடுக்கில் அடைந்திருந்த அழுக்கும் சிமெண்டும் பொடிப்பொடியாக வந்தன.

"கூசுது" என்றார் பிச்சையா.

"கொஞ்சம் பொறுத்துக்கோங்க."

"நீ தொட்டு எவ்வளவு நாளாச்சு."

"கத்திதான தொடுது."

"கத்தியப் பிடிச்சிருக்கது நீதான."

குரல் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறமாதிரி கேட்டது.  அவள் இன்னும் மெதுவாகச் சுரண்டினாள். முழுக்கச் சுரண்டி முடித்ததும் பிளாஸ்டிக் பேசினில் பவுடரைக் கொட்டித் தண்ணீர் விட்டுக் கலக்கினாள். இட்லி மாவு பதம் அவளுக்குக் கைவந்தது.

"வடிவு, ஒண்ணு சொல்லணும்" என்றார்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கேட்டுவிட்டுக் கலக்கியிருக்க வேண்டும். பேசினில் மாவு ஓரங்களில் இறுகத் தொடங்கியிருந்தது. கீழேயிருந்து குரல் வந்தது.

"யக்கா, அண்ணாச்சி ரொம்பப் பேசுதாரு போல. தண்ணி இடுப்பளவு வந்துட்டு."

"இருங்க, ஒரு வரிசை முடிச்சிட்டுக் கேக்கேன்" என்றாள் கணவரிடம்.

குளியலறை வாசலில் குத்தவைத்து முதல் கோட்டில் மாவை வைத்து இழுத்தாள். அசிங்கமாக வந்தது. இரண்டாவது பரவாயில்லை. மூன்றாவதைப் பார்த்து அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. அடைத்த கோட்டில் அவர் குரல் கேட்கவில்லை. அடுத்த கோட்டுக்கு நகர்ந்து போய் அங்கேயிருந்து பேசினார்.

"வடிவு."

"இந்த வரிசை முடியட்டும்."

"அவசரம் வடிவு."

"அவசரம்னுதான வேலை பாக்கேன்."

அந்தக் குளியலறை அப்படி ஒன்றும் பெரிதில்லை. வாசலில் நின்று கை நீட்டினால் குழாயைத் திறக்கலாம். அன்று அது நீண்டுகொண்டே போனது. அவள் ஒரு வரிசை அடைத்தால் முன்னால் ஒரு வரிசை முளைத்தது. நடுவில் ஒரு இடத்தில் தரையெல்லாம் அவர் வேட்டிக் கரை மாதிரி பச்சைக் கோடு ஓடியது. அதையும் அடைத்தாள். திரும்பிப் பார்த்தபோது வாசல் தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தது. ஆணியில் தொங்கிய துண்டு ஒரு தபால்தலை.

"வடிவு, ஒண்ணே ஒண்ணு."

"பொறவு."

அவள் நினைத்துச் சொல்லவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

கடைசியில் குழாயடி வந்தது. எதிரே சுவர். மூலையில் ஒரு விரல் நீள இடுக்குதான் பாக்கி. பிச்சையா அதற்குள் இருந்தார். பேசினில் ஒரு உருண்டை மாவு மிஞ்சியிருந்தது. அதுவும் கெட்டிப்பட்டுக்கொண்டிருந்தது.

வடிவம்மாள் தரையில் கவிழ்ந்து காதை வைத்தாள்.

"இப்ப சொல்லுங்க. என்ன சொல்ல வந்தீங்க?"

"வாசல்ல இருந்து ஆரம்பிக்காதன்னு சொல்ல வந்தேன்."

"ஏன்?"

"உள்சுவர்ல இருந்து ஆரம்பிச்சு வாசல் பக்கமாத்தான் அடைச்சிக்கிட்டு வரணும். பவுடர் விக்கிறவங்க சொல்லுவாங்களே."

"பாய் சொல்ல வந்தாரு. நான் நிக்கல."

"உள்ள இருந்து அடைச்சிட்டு வந்திருந்தா, நான் முன்னால நகர்ந்துக்கிட்டே போயிருப்பேன். நெலப்படியத் தாண்டி வெளிய விழுந்திருப்பேன். ஆணியில துண்டு இருக்குல்லா?"

"இருக்கு."

"கட்டிக்கிட்டு வந்து நாற்காலியில உக்காந்திருப்பேன்."

வடிவம்மாள் நிமிர்ந்து தரையைப் பார்த்தாள். கோடெல்லாம் ஈரச் சாம்பலாக வரிசை பிடித்து நின்றது. முதல் தடவை செய்த வேலை மாதிரியே இல்லை. அவ்வளவு சுத்தம்.

"சுரண்டி எடுத்துரட்டுமா?"

"ஜெபராஜ் என்ன செய்வாரு?"

"யக்கா" என்றது கீழ்வீட்டுக் குரல், மரியாதையாக. "தாடை வரைக்கும் வந்துட்டு. கட்டில் மேல நாற்காலி போட்டு நிக்கேன்."

அவள் மறுபடியும் கவிழ்ந்தாள்.

"அது இன்னைக்குச் சொல்ல வந்தது. அதுக்கு முன்ன? நாற்காலியில உக்காந்து தெனமும் சொல்லணும்னு சொல்லுவீங்களே, அது என்ன?"

பிச்சையா யோசித்தார். கீழே ஒரு சொட்டும் விழவில்லை.

"மறந்துட்டு வடிவு."

"நல்லா யோசிங்க."

"வெந்நீர் பத்தி என்னமோன்னு நெனைக்கேன்."

"வெந்நீர் வேணும்னு சொல்லவா?"

"இல்ல. உனக்குப் போட்டு வச்சிருக்கேன்னு சொல்ல வந்தேனோ என்னமோ."

வடிவம்மாள் பேசினில் மிஞ்சியதை வழித்தெடுத்தாள். மாவு உருண்டை கையில் கல்லாகிக்கொண்டிருந்தது.

"அடை" என்றார். "ஜெபராஜ் நல்ல மனுசன்."

ரப்பர் பட்டை அந்த மூலைக்குள் நுழையவில்லை. விரலால்தான் அடைத்தாள். கடைசி நுனியில் அவர் இன்னொரு வார்த்தை சொன்ன மாதிரி இருந்தது. மாவுக்குள் ஒரு குமிழ் வந்து உடைந்தது. அதையும் தடவிவிட்டாள்.

லேசாக இறுகும்வரை காத்திருந்தாள். ஸ்பாஞ்சை நன்றாகப் பிழிந்துவிட்டுத் துடைத்தாள்.

"நின்னுட்டுக்கா" என்றார் ஜெபராஜ். "சொட்டே இல்ல. குடைய மடக்கிட்டேன்."

"தம்பி, ஒண்ணு சொல்லணும்."

"பொறவு பேசுவோம்க்கா. வீட்டத் தொடைக்கணும். மீனக் கொண்டுபோயி வாய்க்கால்ல விடணும்."

கீழே கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

ஈரக் கோட்டில் மிதிக்கக் கூடாது. வடிவம்மாள் மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அப்போது கையிலிருந்த வளையல் கழன்று தரையில் உருண்டது. சோப்பு போட்டு இழுத்தாலும் கழலாத வளையல். எடுத்து மாட்டினாள். முழங்கை தாண்டிப் போயிற்று.

சுவரும் தரையும் சேருகிற இடத்தில், குழாய்க்கு அடியில், ஒரு மயிரிழை விட்டுப் போயிருந்தது. இவ்வளவு நேரம் கண்ணில் படவில்லை.

சுண்டுவிரலை வைத்துப் பார்த்தாள்.

அளவாக இருந்தது.