கணேசமூர்த்தி பார்த்த புலி

மலாயா சுதந்திரம் பெற்ற மெர்டேக்காவைக் கொண்டாடிய கையோடு இந்தியாவுக்குக் கப்பலேறிய எதிர்வீட்டுக் கணேசமூர்த்தி, மூன்று மாதம் கழித்து எங்கள் காஜா பெராங்குக்குத் திரும்பியபோது ஒரு சுற்றுப் பெருத்திருந்தார். கூடப் போன மகள் சீதாதான் இளைத்திருந்தாள். பன்னிரண்டு வயது. தெருவில் என்னோடு சரிக்குச் சரி வாயடிப்பவள், வந்த நாளாய் வாயே திறக்கவில்லை. இதை விசாரிக்காமல் எனக்குச் சோறு இறங்குமா?

ஞாயிற்றுக்கிழமை மாலை போனால், எனக்கு முன்பே பாதித் தெரு அங்கே உட்கார்ந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்தது. கணேசமூர்த்தி பத்து பெரெண்டாம் என்னும் ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி. அங்கே ஒரு புலியைக் கைதட்டியே விரட்டினாராம். கேட்டுக் கேட்டு எங்கள் காது தேய்ந்திருந்தது. இப்போது இந்தியப் புலியின் முறை.

"மிருகங்களுக்குன்னே விட்ட காடு. யாரும் துப்பாக்கி தூக்கக்கூடாது. நடுவுல இடிஞ்ச கோட்டை, ராஜா படுத்த இடத்துல ஆலமரம். கார விட்டு எறங்கிச் செவத்தப் பாத்துக்கிட்டிருக்கோம், புதரு சடசடன்னுச்சு!"

"கைதட்டுனீங்களா கிராணி?" என்றார் மூலைக்கடை முகைதீன் பாய். ஒரே சிரிப்பு.

"நான் நின்ன எடத்த விட்டு அசையலியே பாய்! மஞ்சக் கண்ணு ரெண்டும்..."

சீதா தட்டோடு தரையைப் பார்த்து நின்றாள். நான் சும்மா இருந்திருக்கலாம்.

"அப்ப நீ எங்கடி நின்ன?" என்று கேட்டேன்.

"காருக்குள்ள, அத்தே. அப்பாதான் மொதல்ல என்னை ஏத்திவிட்டாரு."

"பெத்த மனசுல்ல," என்றார் பாய்.

கணேசமூர்த்தியின் கை அந்தரத்தில் நின்றது. மெல்ல இறக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"இல்லக்கா. சீதா வெளியதான் நின்னுச்சு. நான் ஓடிப்போயி ஏறிக் கதவச் சாத்திக்கிட்டேன். கண்ணாடியத் தட்டுச்சு. தொறக்கல. இப்ப புள்ளைய வேற பொய் சொல்ல வச்சிட்டேன்."

"புலி?" என்றேன், இன்னும் புத்தி வராமல்.

"மானு. எட்டிப் பாத்துட்டுப் போயிருச்சு."

பாய் காலிக் குவளையை மறுபடி உறிஞ்சினார். தோண்டி எடுக்கத்தான் வந்திருந்தேன். எடுத்ததை எங்கே வைப்பது, என் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. துணி காயப் போட்டது நினைவுக்கு வந்தது ஒருத்திக்கு. ஒவ்வொருவராக எழுந்தோம்.

சீதா கணேசமூர்த்தி முன்னால் இருந்த குவளையை எடுத்தாள்.

"ஆறிப்போச்சு. சூடு பண்ணிக் கொண்டாரேன்."

"வேணாம்மா."

"கொண்டாரேன்," என்றாள். அப்பா என்று சொல்லவில்லை. அவர் முகத்தைப் பார்க்காமலே அடுப்படிக்குப் போனாள்.