தோள் அளவு தெரிந்தவர்கள்

இருநூற்று நாற்பது குழிகள் வாயைத் திறந்து கிடந்தன. பக்கத்தில் அதே எண்ணிக்கையில் கன்றுகள். நடத்தான் ஆள் இல்லை.

அந்தப் பழைய லாரி நிறுத்தத்தைத் தோப்பாக்க வேண்டும் என்று தையல்கார அக்கா மூன்று மாதம் நகராட்சிப் படிகளைத் தேய்த்திருந்தாள். "ஞாயித்துக்கிழமை மதியத்துக்குள்ள எல்லாக் குழியிலயும் கன்னு நிக்கணும். இல்லன்னா கார் நிறுத்த விட்டுருவோம்" என்று அதிகாரி கறாராகச் சொல்லிவிட்டார். முப்பத்தொரு தொண்டர்கள் தலையாட்டினார்கள். சட்டை வெட்டும் அட்டைக் காகிதத்தில் அக்கா வரைபடம் போட்டாள். நகராட்சி இயந்திரம் வந்து குழி பறித்தது. எல்லாம் கச்சிதம்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு அவளும், மின்வேலை பார்க்கும் அவள் கணவரும் மட்டும் நின்றார்கள். அவர் அவளுடைய கைப்பேசியை வாங்கிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார்.

"அடியே, நேத்து நீ அனுப்பினது தொண்டர் குழுவுக்குப் போகல. உன் தையல் குழுவுக்குப் போயிருக்கு."

'நாளை காலை ஆறு மணி, லாரி நிறுத்தம். மண்வெட்டி, வாளி அவசியம்.' அவ்வளவுதான் செய்தி. மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தைக்கக் கொடுத்துவிட்டு வாரக்கணக்கில் காத்திருப்பவர்கள் அந்தக் குழுவில் முன்னூறு பேர். சொன்ன தேதியில் ஒரு பொத்தான்கூட வைத்துக் கொடுத்தறியாதவள் அக்கா. அவள் பேச்சை நம்பி யார் வருவார்கள்?

கணவர் தொண்டர்களைக் கூப்பிடத் தொடங்கினார். முதல் ஆள் எடுப்பதற்குள் தெருமுனையில் வாளிகள் உரசும் சத்தம் கேட்டது.

வந்துகொண்டே இருந்தார்கள். தபால்காரர், பேருந்து ஓட்டுநர், பள்ளி ஆசிரியைகள் நால்வர், கைக்குழந்தையோடு ஒருத்தி. தெரு நிறைந்து வழிந்தது.

"எதுக்குன்னு ஒருத்தர்கூடக் கேக்கலையே?" என்றாள் அக்கா.

"கேட்டா அடுத்த வாரம்னு சொல்லுவீங்க. அதான் கேக்காமலே வந்துட்டோம்" என்றாள் வாளியோடு முன்னால் வந்த பேக்கரிக்காரி.

அக்கா இதுவரை அவர்களைக் கண்ணாடி முன்னால் ஒவ்வொருவராகத்தான் பார்த்திருக்கிறாள். இப்போது கன்று நட எல்லா முதுகுகளும் ஒரேசமயத்தில் குனிந்தன. இடது தோள் அரை அங்குலம் தாழ்ந்தவர், தொப்பை தெரியாமல் தைக்கச் சொன்னவர், எல்லோரும் அவள் தைத்த சட்டையோடு மண்ணில் முழங்காலிட்டிருந்தார்கள். எந்தத் தையலும் பிரியவில்லை. இத்தனை பேரையா நான் இத்தனை வருஷம் காக்க வைத்தேன் என்று மலைத்துப்போய் நின்றாள்.

அதிகாரி வந்தபோது மணி பதினொன்று. ஒரு குழியும் காலியாக இல்லை. அவர் வரிசை வரிசையாக நடந்து பார்த்துவிட்டுத் தாளை எடுத்தார். "தினமும் தண்ணி ஊத்தப் போறவங்க பேரெல்லாம் சொல்லுங்கம்மா."

"பாதிப் பேரோட பேரு எனக்குத் தெரியாது சார்" என்றாள் அக்கா. "அளவுதான் தெரியும்."

தபால்காரர் கையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"எல்லாரும்னு போட்டுக்குங்க சார். தினமும் வந்துதான் ஆகணும். எங்க துணியெல்லாம் அக்காகிட்ட இருக்கு."