மூன்று சுழி, இரண்டு சுழி

தமிழரசனிடம் போய் உனக்குப் பொறாமை என்று சொல்லிப் பாருங்கள், அடிக்க வருவான். நியாயம் கேட்கிறேன் என்பான். மூன்று வருடமாக அவன் பெயரில் இருந்த ஒன்றை நேற்று முளைத்த காளான் கேட்டால் யாருக்குத்தான் கோபம் வராது?

கள்ளக்குறிச்சியில் ஒரு மாடியறையில் இயங்குகிற ‘கோமுகி’ குழு, பள்ளிக்கூடங்களுக்கும் உழவர் குழுக்களுக்குமாக கம்ப்யூட்டரை இயக்கும் லினக்ஸ் தொகுப்பு ஒன்றைக் கட்டித் தருகிறது. அதற்குத் தலைவி விஜயலட்சுமி. நைனார்பாளையத்துத் தமிழரசன் அதில் ஆரம்பத்திலிருந்து இருப்பவன். ஒரு சொல்லைத் தட்டினால் அது உயர்திணையா அஃறிணையா என்று பிள்ளைகளுக்குச் சொல்லும் நிரல் அவனுடையது. பெயர் ‘திணை’. பதினாலு பள்ளிக்கூடத்தில் ஓடுகிறது. ஓடுகிறது என்று அவன் சொல்கிறான்.

நர்மதா வெள்ளிமலைக்காரி. வந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை. மலையில் விளைகிற தானியத்தின் ஈரப்பதத்தைப் போட்டால் மூட்டைக்குச் சீட்டு அடித்துத் தரும் நிரல் ஒன்றை எழுதினாள். அதற்குள் நாற்பது இடத்தில் ஓடுகிறது, பேப்பரில் படம் வந்துவிட்டது. அவள் வைத்த பெயர் ‘தினை’.

திங்கட்கிழமை விஜயலட்சுமி புதுப் பதிப்புக்காக இரண்டையும் ஒரே கம்ப்யூட்டரில் ஏற்றினாள். முதலாவது ஏறியது. இரண்டாவது பாதியில் நின்றுவிட்டது. இந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு கோப்பு இருக்கிறது, அது வேறொரு பேக்கேஜுக்கு, அதாவது இன்னொரு நிரலின் பொட்டலத்துக்குச் சொந்தம், அதன்மேல் எழுத மாட்டேன் என்று திரை சொன்னது. தமிழில் மூன்று சுழிக்கும் இரண்டு சுழிக்கும் மலைக்கும் சமவெளிக்கும் உள்ள தூரம். ஆனால் நிரலை ஓட்டக் கோப்பின் பெயரை இங்கிலீஷில்தானே தட்ட வேண்டும்? டி, ஹெச், ஐ, என், ஏ, ஐ. இருவரும் அதையேதான் வைத்திருந்தார்கள்.

விஜயலட்சுமி சிரித்துவிட்டாள். “ஒரே உறையில ரெண்டு கத்தி! பெரிய லினக்ஸ்காரங்க விதிதான் நமக்கும். பேசி ஒருத்தர் பேர மாத்திக்கணும். ஒத்து வரலன்னா ரெண்டு பேருமே மாத்தணும். ஒரு வாரம் டைம்.”

“நான் மொதல்ல வச்சதுக்கா. ணகரம் னகரம் தெரியாதவங்க வச்சா நான் இன்னா பண்றது?” என்றான் தமிழரசன்.

நர்மதாவின் முகம் சுருங்கியது. “தெரியுங்கண்ணா. ஆனா மலையில எல்லாரும் அதத்தான் தட்டிக்கினு கீறாங்க. கேட்டுட்டு சொல்றங்க.”

கேட்டுவிட்டுச் சொல்கிறாளாம்! நாற்பது இடம் என்பதைத்தான் அப்படி மரியாதையாகக் குத்திக்காட்டுகிறாள் என்று அவனுக்குப் பட்டது. புதன்கிழமை அவளிடமிருந்து மெயில் வந்தது. பெயரைப் பார்த்ததுமே வயிறு எரிந்தது. திறக்கவில்லை.

வியாழக்கிழமை அந்தக் காரியத்தைச் செய்தான். ஒவ்வொரு பேக்கேஜோடும் ஒரு விவரத்தாள் உண்டு. இன்ன பேக்கேஜின் கோப்புகளுக்கு மேல் நான் எழுதிக்கொள்ளலாம் என்று அதில் ஒரு வரி போட இடமிருக்கிறது. தன் பழைய பேக்கேஜிலிருந்து ஒரு கோப்பைப் புதியதற்கு மாற்றும்போது போடுகிற வரி அது. தமிழரசன் அங்கே நர்மதாவின் பேக்கேஜ் பெயரைப் போட்டான். அடுத்தவன் வயலில் நம் வரப்பைத் தள்ளிப் போடுவது மாதிரிதான். அதன் பிறகு கம்ப்யூட்டர் முரண்டு பிடிக்காது, அவளுடையதை அழித்து இவனுடையதை வைத்துவிடும்.

“சண்டையே வரலியே, தீந்துடுச்சா?” என்று விஜயலட்சுமி போனில் கேட்டாள்.

“பேசித் தீத்துக்கினோம்க்கா” என்றான்.

அன்று மாலையே எல்லா ஊர்களுக்கும் புதுப் பதிப்பு போனது. எண்ணிக்கைப் பக்கத்தில் தன் நிரலுக்கு நேரே ஐம்பத்து நாலு என்று பார்த்தபோது அவனுக்கு உச்சி குளிர்ந்தது.

சனிக்கிழமை மத்தியானம் நர்மதா கூப்பிட்டாள்.

“அண்ணா, இன்னிக்கி லாரி வந்துச்சு. சீட்டு அடிக்கிற ஆயம்மாள் அத்த எப்பவும் போல தினைன்னு தட்டுனாங்க. பேரு கேக்குதுன்னு மூட்டக்காரி பேர மூக்காயின்னு போட்டாங்க. உயர்திணைன்னு வந்துச்சு. ஈரம் பன்னெண்டுன்னு போட்டாங்க. அஃறிணைன்னு வந்துச்சு. சீட்டு வரல. சீட்டு இல்லாம ஏத்த மாட்டேன்னு லாரி போயிடுச்சு. மூட்டையெல்லாம் ரோட்டுலயே கீது, வானம் வேற மூடிக்கினு கீது.”

தமிழரசன் மழுப்பினான். “ஏதோ... ஏதோ தப்பு நடந்திருக்கு.”

“அந்த வரிய பாத்தேங்கண்ணா” என்றாள். குரலில் கோபமில்லை, களைப்புதான் இருந்தது. “புதன்கெழமை போட்ட மெயில படிக்கலீங்களா?”

அவள் போனை வைத்த பிறகு மெயிலைத் திறந்தான். நான்கு வரி.

‘அண்ணா, நீங்கள்தான் முதலில் வைத்தீர்கள், பெயர் உங்களுக்கே. நான் சாமை என்று மாற்றிக்கொள்கிறேன், இங்கே எல்லாரும் சரி என்றார்கள். சனிக்கிழமை லாரி ஏற்றும்வரை மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள். மூன்று சுழி எனக்கும் பிடிக்கும்.’

கேட்டிருக்கக்கூட வேண்டாம், சும்மா இருந்திருந்தாலே கிடைத்திருக்கும். அதைத் திருடி எடுத்திருக்கிறான். வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்துக்கு நடுவிலும், இவ்வளவு லேசாக விட்டுக்கொடுக்க அவளால் முடிகிறதே என்று ஒரு பொறாமை எட்டிப் பார்த்தது. சீ என்று தன்னையே சொல்லிக்கொண்டான்.

விஜயலட்சுமியைக் கூப்பிட்டான். “அக்கா, மலையில நடந்தது... நாங்க பேசித் தீத்துக்கலக்கா.”

“இன்னாடா ஒளர்ற? இப்பத்தான் நர்மதா பேசினா. பேசித் தீத்துக்கினோம், ஏத்தறப்ப ஏதோ மாறிப்போச்சுன்னாளே. நீ தீத்துக்கலன்ற. அப்ப ரெண்டு பேருல யாரு பொய்யி?”

அவளும்தான் என்று சொல்ல நாக்கு துறுதுறுத்தது. அவள் சொன்னதும் பொய்தானே? ஒரு பொய்யிலாவது அவளும் தானும் சமம் என்று ஆகிவிடும்.

“சொல்லு தமிழு, யாரு?”

“நான்தான்க்கா” என்றான். “நான் மட்டும்தான்.”