இடப்புறம் மூடும் கதவு

ஒரே கோளைச் சுற்றிவந்த இரண்டு விண்கலங்களில் இரண்டு குடிகள் வாழ்ந்தன. பாட்டன் காலத்துப் பகை. மேற்கலத்தார் கதவுச் சக்கரத்தை வலப்புறம் சுற்றி மூடினார்கள் என்பதற்காகவே கீழ்க்கலத்தார் இடப்புறம் சுற்றி மூடினார்கள். பகைவன் மூக்கால் மூச்சு விட்டால் நாம் காதால் விடுவோம் என்கிற ரகம். கதவு மூடும் பக்கத்தை எதிரியிடம் சொல்வது துரோகம். சொன்னவருக்குக் கலத்தில் இடமில்லை.

மேற்கலத்தில் ஃபிட்டர் வேலை பார்த்த ஒருத்தி, கீழ்க்கலத்து விண்படகோட்டியைக் காதலித்து மணந்தாள். மாமியார்தான் அங்கே தலைவி. மருமகள் பழக்கதோஷத்தால் வலப்புறம் சுற்றும்போதெல்லாம், "கை இங்க, புத்தி பொறந்த வீட்டுல" என்று குத்துவாள். கணவனோ மனைவியின் கைமேல் கைவைத்துச் சத்தமில்லாமல் இடப்புறம் திருப்பிவிடுவான்.

ஒருநாள் தண்ணீருக்கான பனிக்கட்டிக்காக நடந்த சண்டையில் இரண்டு படகுகள் மோதி உடைந்தன. கீழ்க்கலத்தின் வெளிக்கதவுக்கும் உட்கதவுக்கும் நடுவிலிருந்த வெளியறைக்குள் ஒருவன் மற்றொருவனை இழுத்துக்கொண்டு நுழைந்தான். மருமகள் உட்கதவின் கண்ணாடி வழியே பார்த்தாள். மயங்கிக் கிடந்தவன் கணவன். இழுத்து வந்தவன் அவளுடைய அண்ணன்.

வெளிக்கதவை மூடினால்தான் அறையில் காற்றை நிரப்ப முடியும். அண்ணன் சக்கரத்தை வலப்புறம் சுற்றினான். அசையவில்லை. இன்னும் மூர்க்கமாக அதே பக்கம் சுற்றினான்.

"பாத்தியா உன் அண்ணன் லட்சணத்த? அவன் ஆளுங்க வர்ற வரைக்கும் கதவத் தொறந்தே வச்சிருக்கான்." வெளியறையையே கலத்திலிருந்து கழற்றி எறியும் கைப்பிடியின்மேல் மாமியாரின் கை இருந்தது.

"அத்தை, உள்ள உங்க மகனும் இருக்காரு!"

"ஒருத்தனுக்காகக் கலத்தையே குடுக்க முடியாது."

ஒலிபெருக்கி கரகரத்தது. "தங்கச்சி! என்ன கதவு இது, துருப்பிடிச்சுப் போச்சா? மச்சானுக்குக் காத்து தீருது. அடிச்சவன் நான்தான். அவன் செத்தா உன் மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

அவள் மைக்கைப் பற்றினாள்.

"வாயத் தொறந்தே, இன்னையோட நீ இங்க இல்ல" என்றாள் மாமியார்.

"அண்ணா, இடப்பக்கம் சுத்து!"

கதவு மூடிக்கொண்டது. காற்று நிறைந்தது. கணவன் கண் விழித்தான்.

அண்ணனை ஓர் ஓட்டைப் படகில் ஏற்றித் துரத்தினார்கள். "ரகசியம் வெளிய போயிடுச்சு. எல்லாச் சக்கரத்தையும் மாத்திப் போட்டுட்டுக் கெளம்பு" என்று தலைவி மருமகளுக்கு ஆணையிட்டாள். மாற்றினால் மேற்கலத்தின் வழக்கமே வந்துவிடும் என்று எடுத்துச் சொல்ல எவருக்கும் நா எழவில்லை.

வேலை முடிந்தது. வெளியே படகு காத்திருக்க, மூட்டையோடு அவள் வெளியறைக்குள் நின்றாள். "அவ போனா நானும்" என்று கணவனும் அருகில் வந்து நின்றான்.

மாமியார் உட்கதவின் சக்கரத்தைப் பிடித்தாள். கோபத்தில் கை பழைய பக்கமே போயிற்று. இடப்புறம் சுற்றினாள். பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் இடப்புறமே சுற்றினாள்.

"சனியன் பிடிச்ச கதவு! எந்தப் பக்கம்டி இது?"

"வெளியாள் கிட்டயா கேக்கறீங்க, அத்தை? சொன்னா துரோகமாச்சே."

கணவனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மாமியார் இருவரையும் எரித்துவிடுவதுபோல் பார்த்தாள். பிறகு கையை உதறிவிட்டு நடந்தாள். இருக்கவும் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. கதவு திறந்தே கிடந்தது.