பிறந்த வீட்டுக் கோடி

துணிக்கடைப் பெண் நான்காவது சேலையைப் பிரித்தபோது தங்கப்பொண்ணு சுவர்க் கடிகாரத்தை மூன்றாம் முறையாகப் பார்த்தாள். பத்தே கால். பன்னிரண்டு மணிக்கு வில்லாபுரத்தில் அக்காளின் பெட்டியை மூடிவிடுவார்கள். திருமங்கலத்திலிருந்து அங்கே போய்ச் சேர இரண்டு வண்டி மாற வேண்டும். இந்தப் பிள்ளையோ முகூர்த்தச் சேலை எடுக்க வந்தவளுக்குக் காட்டுவதுபோல மடிப்பைப் பிரித்து, முந்தானையைத் தன் தோளில் போட்டு, ஆற அமர நிற்கிறது.

"வெள்ளையில மெல்லிசா கரை வச்சது இருந்தா குடு தாயி. பூவெல்லாம் வேணாம்."

யாருக்குப் பாட்டி என்று கேட்டது பிள்ளை. அக்காளுக்கு என்றாள். வயசானவங்கன்னாலும் இப்ப எல்லாரும் கலர்தான் கட்டுறாங்க என்று அது ஐந்தாவதை எடுக்கப் போனது. அவள் வேதக்காரி, வெள்ளைதான் கட்டுவாள் என்று தங்கப்பொண்ணு சொல்லிவிட்டு, மேலே கிடந்ததையே கட்டச் சொன்னாள். செத்துப்போனவளுக்கு என்று சொல்ல வாய் வரவில்லை.

விடியற்காலையிலேயே அக்காள் மகள் முத்துமீனா போன் பண்ணிவிட்டாள். "அம்மா போயிட்டாக சின்னம்மா," என்று மட்டும் சொன்னாள். அழக்கூட இல்லை. உடனே கிளம்பியிருந்தால் எட்டு மணிக்கெல்லாம் போய்ச் சேர்ந்திருக்கலாம். ஆனால் கையில் கோடி இல்லாமல் எப்படிப் போவது? கடை திறக்கும்வரை பூட்டிய ஷட்டருக்கு முன்னால் நின்றாள், உட்கார்ந்தாள், மறுபடி நின்றாள். மகன் அசோக்குமார் திண்டுக்கல்லில் வேலையில் இருந்தான். நேரே கல்லறைக்கு வந்துவிடுவதாகச் சொன்னான். சேலையெல்லாம் எதுக்கும்மா, அங்க போட விடமாட்டாங்க, பேசாம நீ போய் மொகத்தப் பாரு என்றான். அவனுக்குச் சாமியும் கிடையாது, ஜெபமும் கிடையாது. மகனுக்குப் பீமாராவ் என்று பேர் வைத்தவன். அவனிடம் என்னத்தைச் சொல்ல.

பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தும் அவளால் சாய்ந்து உட்கார முடியவில்லை. மஞ்சப்பையை மடியில் வைத்தாள், கீழே வைத்தாள், மறுபடி மடிக்கே எடுத்தாள். பக்கத்தில் இருந்தவள், எங்கே இறங்க வேண்டும், நான் வேண்டுமானால் சொல்கிறேன் என்றாள். வேண்டாம் என்றாள்.

பெண் செத்தால் பிறந்த வீட்டிலிருந்து கோடி வரவேண்டும். புதுச்சேலை ஒன்று, அவ்வளவுதான். அது மேலே விழுந்த பிறகுதான் தூக்குவார்கள். வராவிட்டாலும் தூக்கத்தான் செய்வார்கள், ஆனால் தெருவே பேசும். நாதியத்துப் போனாள் என்று பேசும். அக்காள் செல்லக்கிளிக்கு அந்தக் கோடி வராது என்று சொன்னதே தங்கப்பொண்ணுதான். சொன்னதோடு விட்டாளா? கருப்பசாமி சன்னதியில், எரிகிற சூடத்துக்கு முன்னால் நின்று சொன்னாள்.

பதினேழு வருஷம் ஆகிறது. பேரன் பீமாராவுக்கு முடியிறக்கிக் காது குத்தினார்கள். மகன் முணுமுணுத்துக்கொண்டேதான் சம்மதித்தான். கிடா வெட்டி ஊரையே கூப்பிட்டிருந்தாள். அக்காளும் வந்தாள். வந்தவள் கோயிலுக்குள் வரவில்லை, புளியமரத்தடியிலேயே நின்றாள். அதுவாவது போகட்டும். படையல் சோறு வேண்டாம் என்று இலையைத் திருப்பி வைத்தாள். அதையும் பல்லைக் கடித்துக்கொண்டு விட்டாள் தங்கப்பொண்ணு. ஆனால் காது குத்தி வீலென்று கத்திய பிள்ளையை வாங்கி, அதன் மொட்டைத் தலையில் கையை வைத்து, கண்ணை மூடி ஜெபம் பண்ண ஆரம்பித்தாளே, அதுதான் தாங்கவில்லை. பூசாரியும் பங்காளிகளும் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பிள்ளையைப் பிடுங்கினாள். வாயில் வந்ததெல்லாம் வந்தது.

"நீ செத்தா பொறந்த வீட்டுக் கோடி உனக்கு வராதுடி. அண்ணனும் தரமாட்டான், நானும் தரமாட்டேன். இந்தக் கருப்பு சாட்சி."

அக்காள் முந்தானையை இழுத்துச் செருகினாள். பிறகு, "சரி தங்கம்," என்றாள். பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்துவிட்டாள்.

அண்ணன் சோணை செத்தபோது இரண்டு பேரும் ஒரே பந்தலில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தார்கள். அப்போதாவது எழுந்து போய்ப் பேசியிருக்கலாம். வீம்பு. அண்ணன் மகன் துபாய்க்குப் போனவன் போனவன்தான். பிறந்த வீடு என்று இப்போது யாரும் இல்லை. கட்டிக்கொடுத்த தங்கச்சி கொண்டுபோகும் சேலை பிறந்த வீட்டுக் கோடியில் சேருமா என்பதுகூடச் சந்தேகம்தான்.

பஸ் திருநகரைத் தாண்டி மேம்பாலத்துக்கு முன்னால் நின்றது. முன்னால் லாரிகள், வேன்கள். டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு டீத்தண்ணி குடிக்கிறவன் மாதிரி வெளியே வேடிக்கை பார்த்தான். பதினொன்றாகப் போகிறது. யாரையாவது திட்ட வேண்டும்போல இருந்தது அவளுக்கு.

அந்த வார்த்தை அக்காளை எந்த இடத்தில் குத்தும் என்று தெரிந்துதான் குத்தினாள். அது வேறு யாருக்கும் தெரியாது. அம்மா செத்தபோது தங்கப்பொண்ணுக்கு ஏழு வயசு, அக்காளுக்குப் பதின்மூன்று. பண்ணைக்காரர் வயலில் நடவு நட்டுக்கொண்டிருந்த அம்மாவைக் காய்ச்சலோடு தூக்கிவந்து போட்டார்கள், மூன்றாம் நாள் போய்விட்டாள். மாமன் மூணாறுத் தோட்டத்தில் இருந்தார். அவருக்கு யார் ஆளனுப்புவது? பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கிழவிகள் வட்டமாக உட்கார்ந்துகொண்டு பொறந்த வீட்டுக் கோடி வரலையே, பொறந்த வீட்டுக் கோடி வரலையே என்று அதையே சொல்லிச் சொல்லி அழுதார்கள். அப்பா தலையைக் குனிந்துகொண்டு வாசலில் நின்றார். அக்காள் உள்ளே போனாள். பெரிய மனுஷியானதற்கு எடுத்துக் கொடுத்திருந்த பச்சைத் தாவணியை, ஒருநாள்கூடக் கட்டாததை, மடிப்புக் கலையாமல் கொண்டுவந்து அம்மா மேல் போர்த்தினாள். "மாமன் குடுத்து விட்டது. நேத்தே வந்துருச்சு," என்றாள். கிழவிகள் வாயை மூடிக்கொண்டார்கள். அவர்களில் எத்தனை பேர் நம்பினார்களோ. அக்காள் தாவணி என்று தங்கப்பொண்ணுக்குத் தெரியும். அக்காள் திரும்பி அவளை ஒரு பார்வை பார்த்தாள், அவள் பேசவில்லை.

அதற்குப் பிறகு அவளுக்குத் தலை சீவி, சோறு போட்டு, பேன் பார்த்தது எல்லாம் அக்காள்தான். அந்த அக்காளிடம்தான் இப்படிச் சொன்னாள். நாக்கை இழுத்து வைத்துச் சூடு போட்டிருக்க வேண்டும்.

வேதத்துக்குப் போனாள் என்பதுதான் என்ன பெரிய குற்றம். முத்துமீனா கைப்பிள்ளையாக இருந்தபோது வலிப்பு வந்து வந்து கண் செருகியது. மூன்று வெள்ளிக்கிழமை கருப்பனிடம் கொண்டுவந்து போட்டாள். நிற்கவில்லை. யாரோ சொல்லி ஜெபவீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனாள், நின்றுவிட்டது. கருப்பன் முக்கால்வாசி குணமாக்கி வைத்திருந்ததை ஏசு வந்து முடித்துப் பேர் வாங்கிக்கொண்டார் என்றுதான் தங்கப்பொண்ணு இன்றுவரை நம்புகிறாள். ஆனால் பிள்ளை பிழைத்ததா இல்லையா? பெற்றவளுக்கு அதுதானே கணக்கு.

பழங்காநத்தத்தில் இறங்கி ஆட்டோ பிடித்தாள். வில்லாபுரத்தில் தெரு தெரியும், வீடு மறந்துவிட்டது. முனையில் பிளக்ஸ் கட்டியிருந்தார்கள். சாராள் அம்மாள் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார் என்று எழுத்துக்கூட்டிப் படித்தாள். வேறு யாரோ என்று ஆட்டோவை முன்னால் போகச் சொல்லிவிட்டாள். ஞானஸ்நானம் வாங்கி அக்காள் பேர் மாறியதை மறந்தே போனாள். அடுத்த தெருவும் அதற்கடுத்த தெருவும் சுற்றிய பிறகுதான், அந்தப் பிளக்ஸில் கண்ணாடி போட்டுச் சிரித்தது யார் என்று உறைத்தது. திரும்பி வந்து இறங்கியபோது பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிஷம்.

பந்தலில் பாட்டு நடந்துகொண்டிருந்தது. எல்லாரும் வெள்ளை. மரப்பெட்டியை நடுவில் வைத்து மூடியைப் பக்கத்தில் சாய்த்திருந்தார்கள். தங்கப்பொண்ணு செருப்பை உதறிவிட்டு, பைக்குள் கையை விட்டபடியே கூட்டத்தைப் பிளந்துகொண்டு போனாள். கருப்பா, வாக்கு மீறுவது நான், என்னை என்ன வேண்டுமானாலும் பண்ணிக்கொள், பேரப்பிள்ளையைத் தொட்டுவிடாதே என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டாள்.

பெட்டிக்குள் அக்காள் அரக்குச் சேலைக்குள் கிடந்தாள். அடர்ந்த அரக்கு, அகலமான ஜரிகைக் கரை. முப்பது நாற்பது வருஷம் வெள்ளையைத் தவிர எதையும் கட்டாதவள். தங்கப்பொண்ணின் கை பைக்குள்ளேயே நின்றுவிட்டது.

எதிர்வீட்டுப் பாண்டியம்மாள் அவளைக் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். இந்தப் பக்கத்துக் கிராமத்துக்காரி, சபையில் சேராதவள், வழக்கமெல்லாம் தெரிந்தவள். காலையிலிருந்து எல்லாரையும் அவள்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

"நீங்கதேன் தங்கச்சியா? பொறந்த வீட்டுக் கோடி எங்கன்னு கேட்டேன். தங்கச்சி முன்னாடியே குடுத்து விட்டுட்டாகன்னு மீனா சொல்லுச்சு. நல்லா எடுத்துருக்கீக."

பெட்டியின் தலைமாட்டில் நின்ற முத்துமீனா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையைத் தங்கப்பொண்ணு இதற்கு முன்னால் ஒருமுறை பார்த்திருக்கிறாள், ஏழு வயதில்.

குனிந்தாள். சேலையின் மடிப்பு விழுந்த இடமெல்லாம் கோடு கோடாக வெளுத்திருந்தது. பூச்சி அரிக்காமல் துணிக்குள் வைக்கிற பாச்சா உருண்டை வாசம் அதிலிருந்து வந்தது. நேற்று எடுத்த சேலை இல்லை. போன வருஷத்துச் சேலையும் இல்லை.

"ஆமா," என்றாள் தங்கப்பொண்ணு. குரல் உடைந்ததால் இன்னொரு தரம், பந்தலுக்கே கேட்கும்படி சொன்னாள். "எங்க வீட்டுக் கோடிதேன். நாந்தேன் எடுத்துக் குடுத்தேன்."

சூடத்துக்கு முன்னால் சொன்னது ஒரு வாய், இதைச் சொன்னதும் அதே வாய். கருப்பன் கேட்டுக்கொண்டிருந்தால் கேட்டுக்கொள்ளட்டும் என்று இருந்தது. பையின் காதுகளைச் சேர்த்து முடிச்சுப் போட்டு முழங்காலுக்கடியில் தள்ளிக்கொண்டு, அக்காளின் கன்னத்தைத் தொட்டாள். ஜில்லென்று இருந்தது. அப்போதுதான் அழுகை வந்தது.

மூடி போட்டு, வண்டியில் ஏற்றி, கல்லறையில் இறக்கி, மண் போட்டு எல்லாம் முடிந்தது. அசோக்குமார் கடைசி ஜெபத்துக்குத்தான் வந்து சேர்ந்தான், வந்த கையோடு வேலைக்குத் திரும்பினான். வீட்டுக்கு வந்ததும் முத்துமீனா அவளை அடுப்படிக்குக் கூட்டிப்போய்க் காப்பி கொடுத்தாள். சபைக்காரர் ஒருவர் கலர்ச்சேலை எதற்கு என்று கேட்டதையும், பாஸ்டர்தான் பிறந்த வீட்டுப் பாசம், இருந்துவிட்டுப் போகட்டும் என்று சொன்னதையும் சொன்னாள். பிறகு கதவைப் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

"உங்க பேரனுக்குக் காது குத்திட்டு வந்த மறுவாரமே எடுத்தாகளாம். வருசா வருசம் கிறிஸ்மஸுக்கு முன்னாடி வெயில்ல போட்டு எடுத்து, புது உருண்டை வச்சு பீரோவுல வைப்பாக. கேட்டா, தங்கம் எடுத்துக் குடுத்ததும்பாக. நானும் நெசம்னுதான் நெனச்சேன். போன மாசந்தான் சொன்னாக."

தங்கப்பொண்ணு டம்ளரைக் கீழே வைத்தாள்.

"கோடி வரலேன்னா எனக்கென்ன, நான் ஆண்டவர்ட்ட போறேன்னாக. அவளத்தேன் ஊரு பேசும், தங்கச்சி பேரு கெடக்கூடாதுன்னாக."

காப்பியில் ஆடை படர்ந்தது. முத்துமீனா பையைப் பார்த்து, இதில் என்ன சின்னம்மா என்று கேட்டாள்.

"மாத்துச் சீலை," என்றாள் தங்கப்பொண்ணு. "தங்க நேந்தா வேணுமேன்னு எடுத்தாந்தேன்."

முத்துமீனா முடிச்சைப் பார்த்தாள். தங்கிப் போங்களேன் என்றாள். இல்லடி, வாரேன் என்று எழுந்துகொண்டாள்.

பஸ் ஸ்டாப்புக்கு நடக்கும்போதே பேரனுக்குப் போன் போட்டாள். ஏழெட்டு தரம் மணி அடித்தும் எடுக்கவில்லை. கருப்பன் பிள்ளைமேல் கைவைத்துவிட்டானோ என்று இருந்தது. மறுபடி போட்டாள். காலேஜில் இருக்கேன், என்ன அப்பத்தா என்றான் பீமாராவ். சாப்பிட்டாயா என்று கேட்டாள், சாப்பிட்டேன் என்றான். வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை. "செல்லக்கிளி அப்பத்தா உனக்காக ஜெபம் பண்ணுச்சுடா, சின்னப்பிள்ளையில," என்றாள். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. சரி அப்பத்தா என்று வைத்துவிட்டான். சரி தங்கம் என்று அக்காள் சொன்னதும் இதே மாதிரிதான்.

ஸ்டாப்பை ஒட்டி ஒரு மளிகைக்கடை இருந்தது. வெயில் இன்னும் தாழவில்லை. அவள் போக வேண்டிய பஸ் ஒன்று வந்து நின்று, அவள் ஏறாமல் போனது. புருஷன் போய்ப் பத்து வருஷம் ஆகிறது. அவளுக்கும் இனி வெள்ளை ஆகும். கோடி கொண்டுவர அவளுக்கும் பிறந்த வீட்டில் யாரும் இல்லை.

கடைக்குப் போய் நின்றாள்.

"பாச்சா உருண்டை இருக்காப்பா?"

சில்லறையாகவா பாக்கெட்டாகவா என்று கேட்டான் கடைக்காரன்.

"பாக்கெட்டாவே குடு. வருசா வருசம் மாத்தணும்ல."

முடிச்சை அவிழ்த்து, வெள்ளைச் சேலையின் மடிப்புக்குள் அதைச் செருகிவிட்டு, அடுத்த பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்தாள்.