இடுப்பில் ஒரு பெயர்

மெத்தைக் கடையில் விற்பனையாளன் நான். வாய்தான் என் முதலீடு. முதுகுவலிக்காரர் வந்தால் கெட்டி மெத்தை, தூக்கம் வராதவர் வந்தால் பஞ்சு மெத்தை, இரண்டும் இல்லாதவர் வந்தால் அவருக்கே தெரியாமல் ஒரு முதுகுவலியைப் பேசிப் பேசி உண்டாக்கி, அதற்கு ஒரு மெத்தை. அப்பேர்ப்பட்டவனுக்குப் பிறந்த பெண், பதினோரு மாதத்தில், வாயைத் திறக்காமல் கையால் பேச ஆரம்பித்தாள். அதுவும் என்னோடு அல்ல. என் மச்சானோடு.

மச்சான் என்றால் மனைவியின் தம்பி. பிறந்ததிலிருந்தே காது கேட்காது. தையல்காரன். மனைவி மறுபடி வேலைக்குக் கிளம்பியபோது, குழந்தையைப் பார்த்துக்கொள்ள அவனும் அவனுடைய தையல் மெஷினும் எங்கள் முன்னறைக்குக் குடிவந்தார்கள். அக்காவும் தம்பியும் சின்ன வயதிலிருந்தே சைகையில் பேசிக்கொள்கிறவர்கள். பாப்பா மாமாவோடு பேச வேண்டுமே, அவளுக்கும் சொல்லிக்கொடுத்துவிடலாம் என்று அவர்களே முடிவு செய்துகொண்டார்கள். என்னிடமும் கேட்டார்களாம். நான் தலையாட்டினேனாம். வீட்டில் நான் எதற்குத்தான் தலையாட்டவில்லை?

முதலில் பால். சின்ன முஷ்டியை மூடி மூடித் திறந்தாள். அப்புறம் 'இன்னும்'. இரண்டு கை விரல் நுனிகளையும் குவித்து முட்டவைத்தாள். அப்புறம் விளக்கு, மின்விசிறி, 'போதும்'. எல்லாம் நான் கடையில் யாருக்கோ முதுகுவலி வரவழைத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் நடந்தவை. சாயங்காலம் வந்தால் அரங்கேற்றம் மட்டும் எனக்கு. என்னைத் தவிர வீட்டில் இருந்த எல்லாவற்றையும் கேட்டாள்.

ஒருநாள் காலையில் எழுந்ததும் எழாததுமாக இரண்டு கையையும் கழுத்தருகே வைத்து மார்புவரை இழுத்தாள்.

"என்னது, சட்டை குத்துதா?" என்றேன்.

"மாமாவைத் தேடுறா. கழுத்துல டேப்பு தொங்குதுல்ல, அதான் மாமா," என்றாள் மனைவி பூரிப்போடு.

எனக்கு வயிறு எரிந்தது. கேஸ் ட்ரபிள் என்று சொல்லி மாத்திரை போட்டுக்கொண்டேன். மாத்திரைக்கு அது கேட்கவில்லை.

"அப்பாவுக்கு என்ன சைகை?" என்று எதேச்சையாகக் கேட்பதுபோல் கேட்டேன்.

"மீசையை முறுக்கணும்."

நான் மழமழவென்று சிரைத்துக்கொள்கிறவன். இருந்தாலும் மனம் தளரவில்லை. விடுமுறையன்று மச்சான் குளிக்கப் போன நேரமாகப் பார்த்துப் பாப்பாவைப் பால்கனிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். இல்லாத மீசையை முறுக்கி, "அப்பா! அப்பா!" என்றேன். கற்பூர புத்தி. சாயங்காலத்துக்குள் பிடித்துக்கொண்டாள். கன்னத்தருகே விரலைத் திருகிக் கூப்பிட்டாள், எதிர் மதில்மேல் இருந்த பூனையை.

அடுத்து, லிஃப்ட் பழுதுபார்க்க வந்தவர். மீசை காதுவரை இருந்தது. அவரைப் பார்த்ததும் பாப்பா துள்ளித் துள்ளித் திருகினாள்.

"என்ன சார், பாப்பா என்னமோ சொல்லுதே?"

"உங்க மீசை நல்லா இருக்காம்," என்றேன். வேறு என்ன சொல்வது?

அன்று வீட்டில் இதைச் சொல்லிப் புலம்பினேன். மனைவி கையால் மொழிபெயர்க்க, மச்சான் தோள் குலுங்கச் சிரித்தான். பிறகு அவன் கைகள் பறந்தன.

"அத்தானுக்கு எதுக்கு இந்த மெனக்கெடு, அவருக்குத்தான் ஏற்கெனவே பேரு இருக்கேன்னு கேக்குறான்," என்றாள் மனைவி.

"எனக்கா? என்ன பேரு?"

அக்காவும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பதில் சொன்னது பாப்பாதான். பாயில் உட்கார்ந்திருந்தவள் டயப்பரை இரண்டு பக்கமும் பிடித்து, என்னைப் பார்த்தபடி, ஹுக் என்று ஒரு தூக்குத் தூக்கினாள்.

இதற்கு ஒரு விளக்கம் வேண்டும். எங்கள் கடையில் பெல்ட் போடக்கூடாது. மெத்தையில் உட்கார்ந்தும் சாய்ந்தும் காட்டும்போது பெல்ட்டின் கொக்கி மேலுறையைக் கிழித்துவிடும். ஆகவே என் பேண்ட் எப்போதும் நழுவும். எப்போதும் தூக்கிக்கொண்டே இருப்பேன். அது எனக்கே தெரியாது, மூச்சுவிடுவது போல.

"இதெல்லாம் ஒரு பேரா? மாமாவுக்கு டேப்பு, அப்பாவுக்கு நழுவுற பேண்ட்டா? மாத்தச் சொல்லு அவனை!"

"நாம கேட்டு வாங்குறது இல்லைங்க அது. காது கேக்காதவங்க ஆளைப் பாத்து வெக்கிறது. வெச்சா வெச்சதுதான்."

"எப்ப வெச்சான்?"

"நம்ம கல்யாணத்துல போட்டோவுக்குப் பேண்ட்டைத் தூக்கிக்கிட்டே நின்னீங்களே, அப்பவே."

என் மகளுக்கு என் பெயரைக்கூட அவன்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறான். மறுபடி மாத்திரையைத் தேடினேன்.

பேண்ட் நழுவினால்தானே அந்தப் பெயர்? நழுவாவிட்டால்? என்னிடம் இருந்த பேண்ட் அத்தனையையும் அள்ளிக்கொண்டுபோய் மச்சான் முன்னால் போட்டு, இடுப்பைப் பிடித்துத் தைக்கச் சொன்னேன். எதிரியிடமே ஆயுதத்தைச் சாணை பிடிக்கக் கொடுத்த வீரன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அவன் டேப்பை என் இடுப்பில் சுற்றி, நிமிர்ந்து பார்த்து, ஒரு சைகை செய்தான்.

"மூச்சை இழுத்துப் பிடிக்காதீங்கன்னு சொல்றான்," என்றாள் மனைவி.

தையல் கனகச்சிதம். விரல் வைத்துச் சொல்ல ஒரு குறை இல்லை. அதற்கும் வயிறு எரிந்தது.

மறுநாள் கடையில் ஒருமுறைகூடப் பேண்ட்டைத் தூக்கவில்லை. சாயங்காலம் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கைகளைத் தொங்கப்போட்டு, ராணுவ அதிகாரி மாதிரி நின்றேன். மெஷின் பக்கத்தில் பாயில் இருந்த பாப்பா என்னைப் பார்த்ததும் டயப்பரைத் தூக்கினாள்.

"அப்பா வந்துட்டேன்டா கண்ணு!" என்றேன். கை அசையவில்லை.

மறுபடி தூக்கினாள். இந்தத் தடவை மெதுவாக, கேள்வி கேட்கிற மாதிரி. காத்திருந்தாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். கண்டுகொள்ளாமல் இருந்தால் பெயர் தானாக உதிர்ந்துவிடும் என்று கணக்கு. அவள் என் இடுப்பைப் பார்த்தாள். பிறகு என்னைத் தாண்டி வாசலைப் பார்த்து டயப்பரைத் தூக்கினாள். நானும் திரும்பிப் பார்த்தேன். அங்கே யாரும் இல்லை.

அப்போதுதான் உறைத்தது. தினமும் இந்நேரத்துக்கு வாசலில் குனிந்து, நிமிர்ந்து, பேண்ட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே வருவானே ஒருத்தன், அவனைத் தேடுகிறாள். இத்தனை நாள் மச்சான்மேல் இருந்த பொறாமை அத்தனையும் ஒரே தாவாகத் தாவி அந்தத் தொளதொளப் பேண்ட்காரன்மேல் விழுந்தது. எப்படிப்பட்ட கொடுத்துவைத்தவன்! வாசலைப் பார்த்துத் தேட ஒரு பிள்ளை!

அவன் வரவில்லை. பாப்பாவின் கீழுதடு பிதுங்கியது. மச்சான் பக்கம் திரும்பி, கழுத்திலிருந்து மார்புவரை கையை இழுத்தாள். மாமா. அவன் துணியை விட்டுவிட்டுக் கையை நீட்டினான்.

பொறுக்கவில்லை எனக்கு. தோளில் இருந்த பையைக் கீழே போட்டேன். இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்து, கொஞ்சமும் நழுவாத பேண்ட்டை ஹுக் என்று தூக்கினேன். மச்சானின் நேர்த்தியான தையல் இடுப்பை நறுக்கென்று கவ்வியது.

பாப்பா ஓரக்கண்ணால் பார்த்துவிட்டாள். வீடு அதிரும்படி ஒரு சிரிப்பு. டயப்பரைத் தூக்கினாள். நானும் தூக்கினேன். அவள் விரல் நுனிகளைக் குவித்து முட்டவைத்தாள். இன்னும். தூக்கினேன். இன்னும். வாழ்க்கையில் முதல்முறையாக நானும் என் மகளும் பேசிக்கொண்டோம். விஷயம் ஒன்றும் இல்லைதான். கடையில் நான் பேசுவதில் மட்டும் என்ன விஷயம் இருக்கிறது?

மச்சான் முகம் சுருங்கியது. டேப்பை உருவிக்கொண்டு எழுந்து வந்தான். ஒரு கை என் இடுப்பைக் காட்டியது, மற்றது காற்றில் சீறியது.

சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த மனைவி, "தையல்ல என்ன குறைன்னு கேக்குறான். காலையில சரியாத்தானே இருந்துச்சாம். ஏங்க, என்ன பண்ணீங்க அந்தப் பேண்ட்டை?" என்றாள்.

ஒரு தப்பும் இல்லை என்று சொல்ல எனக்குச் சைகை தெரியாது. தெரிந்திருந்தாலும் அன்றைக்குச் சொல்லியிருக்க மாட்டேன். அளந்து அளந்து கொஞ்சநேரம் மண்டையைப் பிய்த்துக்கொள்ளட்டுமே! அவன் குனிந்து என் இடுப்பில் டேப்பைச் சுற்றினான். அவன் தலைக்கு மேலாகப் பாப்பா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். டேப்போடு சேர்த்துத் தூக்கினேன்.